நோய் நமது, எண் நமது, ஊக்கத்தொகை யாருக்கு?

நோயாளியின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த நோயாளியின் பெயரில் உள்ள 14 இலக்க எண்ணோடு இணைக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு மத்திய அரசு பணம் கொடுக்க முன்வந்தது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஊக்கத்தொகைத் திட்டம் பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியாகட்டும், ரத்தப் பரிசோதனைக் கூடமாகட்டும், அவற்றுக்கு வேண்டிய சாப்ட்வேர் செய்து விற்கும் கம்பெனியாகட்டும், இணைத்த பதிவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப 4 கோடி ரூபாய் வரை பெறலாம் என்று டில்லி அறிவித்தது. கணக்கு சுலபமானது. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை காசு கிடையாது. அதற்கு மேல் இணைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ஆஸ்பத்திரிக்கு 20 ரூபாய்.

மல்லாபூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவருக்கும், நாச்சாரத்தில் பிளாஸ்டிக் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்க்கிறவருக்கும், கட்டட வேலைக்குக் கம்பி கட்டப் போகிறவருக்கும், விடியற்காலையில் இட்லிக் கடை போடும் தாய்மாருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது என்பது நம் கருத்து. ஊரை விட்டு வந்து பிழைக்கும் குடும்பங்களைப் போல இந்த ஏற்பாடு தேவைப்படுகிறவர்கள் நாட்டில் வேறு யாருமில்லை. அப்படியிருந்தும் இந்த ஏற்பாட்டில் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டிருப்பவர்களும் நாமே. இது ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் வீடுகளில் ரேஷன் கார்டுக்கும் ஆதார் கார்டுக்கும் அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தப்படுவது ஆஸ்பத்திரிச் சீட்டுகள்தாம். ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் எக்ஸ்ரே, ஸ்கேன், ஓ.பி. சீட்டு, மருந்துக்கடை பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் பையும் பாத்திரங்களோடு மூட்டையாகி அடுத்த தெருவுக்குப் போகும். மழைக்காலத்தில் தகரக் கூரை ஒழுகினால் முதலில் நனைவதும் அதுதான். ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் பெரும்பாலும் இங்கேயே தங்கிவிடுவதும் அதுதான்.

நம் பகுதியில் வாழும் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தொழிலாளர் ஒருவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். பை மல்லாபூரில். இங்கிருந்த மனைவி போனில் சீட்டைப் படித்துச் சொல்ல முயன்றார்; சீட்டோ ஆங்கிலத்தில், அதுவும் டாக்டர் கையெழுத்தில். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையன் எழுத்துக் கூட்டிப் படித்த மாத்திரைப் பெயரை அங்கிருந்த டாக்டர் நம்பவில்லை. அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. மூன்று மாதச் சர்க்கரை, கிரியாட்டினின், ஈ.சி.ஜி. என்று எல்லாம் புதிதாக எடுக்கப்பட்டன. திரும்பி வந்தபோது இங்கிருந்த டாக்டர் அந்த ஊர்க் கூடத்தின் முடிவை ஏற்கவில்லை, மறுபடி ரத்தம். ஒரே குளிர்காலத்தில் ஒரே பரிசோதனைக்கு மூன்று முறை கையை நீட்டினார், மூன்று முறை காசும் கொடுத்தார். அவர் வேலை செய்யாத நாட்களின் கூலியை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு, இங்கே எழுதிய சீட்டை அங்கே இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் வசதி எவ்வளவு பெரிய உதவி! ஆகவே, கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டவுடன் எதிர்ப்புக் கொடி தூக்குவது நம் நோக்கமல்ல. 1980-களில் வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்ததற்குக் காரணம் இருந்தது. வேலை பறிபோகும் என்ற அச்சம் அது. இங்கே பிரச்சினை வேறு. பொதுப்பணத்தைக் கொடுத்து உருவாக்கும் பதிவு, அந்த நோயாளியின் கைக்கு வந்து சேருகிறதா என்பதே நாம் கேட்பது.

திட்டம் வந்த வழியைச் சற்றே பார்ப்போம். மருத்துவப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் எப்படி வைக்க வேண்டும் என்ற விதிமுறைகளை மத்திய அரசு 2013-இல் வெளியிட்டது, 2016-இல் திருத்தியது. ஏறத்தாழ யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020 ஆகஸ்டு 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் புதிய திட்டத்தை அறிவித்தார். நமக்குப் பக்கத்துப் புதுச்சேரி உள்ளிட்ட 6 யூனியன் பிரதேசங்களில் சோதனை நடந்தது. 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கினார்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை 5 ஆண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்பது திட்டத்தின் பெயர். அதில் நமக்குத் தரப்படும் எண்ணை 'ஆபா' என்கிறார்கள். 2025 தொடக்கத்தில் அந்த எண் பெற்றவர்கள் 70 கோடியைத் தாண்டினார்கள்.

70 கோடி என்றதும் மலைக்க வேண்டியதில்லை. கொரோனாத் தடுப்பூசிக்கு ஆதார் காட்டிய பலருக்கு, கேட்காமலே, சொல்லாமலே இந்த எண் போடப்பட்டது என்று அந்நாளிலேயே பத்திரிகைகள் எழுதின. இன்றும் தம்மிடம் அப்படி ஓர் எண் இருப்பது தெரியாதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். எண் கொடுப்பது எளிது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சீட்டாவது இருக்க வேண்டுமானால் டாக்டர் அல்லது அவரது ஊழியர் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது. நின்ற வண்டியைத் தள்ளுவதற்கு வந்ததுதான் இந்த ஊக்கத்தொகை.

டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை, இந்தியாவில் ஒரு நோயாளியை டாக்டர் பார்க்கும் நேரம் ஏறத்தாழ 2 நிமிடம் என்றது. நாச்சாரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலோ காந்தி ஆஸ்பத்திரியிலோ ஒரு திங்கட்கிழமை காலை நின்றவருக்கு இதைக் கட்டுரை வந்து சொல்ல வேண்டியதில்லை. அந்த 2 நிமிடத்தில் நாக்கை நீட்டச் சொல்வதா, கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டுவதா? தட்டச்சுக்குத் தனி ஆள் போடாமல் டாக்டரையே எழுதச் சொன்னால், அவர் கண் திரையில் இருக்கும், நம்மீது இருக்காது. ஊக்கத்தொகையில் ஒரு பங்கு எழுத்தர் வேலைக்குச் செல்ல வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். நம் பிள்ளைகளில் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் தெரிந்து, டிகிரி முடித்து, டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்!

இனி, பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஆஸ்பத்திரியோ கிளினிக்கோ நர்சிங் ஹோமோ, குறைந்தது 10 படுக்கை இருந்தால்தான் இந்தத் திட்டத்தில் தகுதி என்று விதி வகுத்தார்கள். மல்லாபூரில் நம் மக்கள் முதலில் எங்கே போகிறார்கள்? காய்ச்சல் வந்தால் மூலைக் கிளினிக்கு. ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு திரைச்சீலை, மாலை 6 மணிக்கு மேல் டாக்டர். அதுவும் எட்டாதவர்கள் ஆர்.எம்.பி. என்று சொல்லிக்கொள்பவரிடம் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். பிறகு பஸ்தி தவாகானா. நோய் முற்றிய பிறகுதான் படுக்கை உள்ள இடம். ஆக, நம் உடம்பின் கதையில் முதல் பத்து அத்தியாயங்கள் படுக்கையில்லாத இடங்களில் எழுதப்படுகின்றன. அரசு காசு கொடுத்து வாங்க முன்வந்தது கடைசி அத்தியாயத்தை. சின்னக் கிளினிக்குகளையும் சேர்ப்பதற்காக 2023-இல் நாடெங்கும் 100 இடங்களில் தனி முயற்சி அறிவித்தார்கள் என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோடிக்கணக்கில் கதவு திறக்கும் திட்டத்தில், ஒற்றை அறை டாக்டருக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கும் வழி முதலிலேயே திறக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்த நாடு அமெரிக்கா. 2009-இல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். கம்ப்யூட்டர் பதிவுக்கு மாறும் டாக்டர் ஒவ்வொருவருக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டின் வழியாக 44,000 டாலர் வரையிலும், ஏழைகளுக்கான காப்பீட்டின் வழியாக 63,750 டாலர் வரையிலும் கொடுத்தார்கள். மாறாதவர்களுக்கு 2015 முதல் தண்டனையாகத் தொகையைக் குறைத்தார்கள். மொத்தத்தில் 3,500 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. காகிதம் போயிற்று, கம்ப்யூட்டர் வந்தது, இது உண்மை. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அடுத்த தெரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரோடு பேசவில்லை. ஆளுக்கொரு கம்பெனியிடம் சாப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். விற்ற கம்பெனிக்கோ வாங்கிய ஆஸ்பத்திரிக்கோ நோயாளியை வெளியே விட மனமில்லை. பதிவைத் தடுத்து வைப்பது குற்றம் என்று 2016 டிசம்பரில் இன்னொரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று; அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தது 2021 ஏப்ரலில். முதலில் பணம், பன்னிரண்டு ஆண்டு கழித்து நோயாளியின் உரிமை. இந்த வரிசையை நாம் மாற்றிப் போடலாமே என்பதுதான் நம் வேண்டுகோளின் சாரம்.

நமது திட்டம் அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைக் கற்றிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் வாங்கியதற்குப் பணம் என்று சொல்லாமல், பதிவை நோயாளியின் எண்ணோடு இணைத்ததற்குப் பணம் என்றார்கள். பதிவுகள் டில்லியில் ஒரே கிடங்கில் குவிவதில்லை. எழுதிய ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், நோயாளி சம்மதித்தால் மட்டும் மற்ற டாக்டர் பார்க்கலாம், சம்மதத்தைத் திரும்பவும் பெறலாம் என்பது ஏற்பாடு. எழுத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இணைப்பது ஒன்று, பார்ப்பது ஒன்று. 20 ரூபாய் கிடைப்பது இணைப்பதற்கு. கள்ளக்குறிச்சியில் இருக்கும் டாக்டர் அதைத் திறந்து பார்த்தாரா, பார்த்ததால் ஒரு பரிசோதனை மிச்சமாயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கைக்குக் காசு என்றால் எண்ணிக்கை வளரும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்த காலத்தைக் கண்ட பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இலக்கு வைத்து எண்ணினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஊக்கத்தொகை என்ற பேச்சே இல்லாமல் ஒரு காரியம் நம் நகரத்திலேயே நடந்திருக்கிறது. 2018-இல் ஐதராபாத்தில் பஸ்தி தவாகானாக்கள் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் தெலங்கானா அரசு இலவசப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தவாகானாவில் எடுக்கும் ரத்தம் மையக் கூடத்துக்குப் போகிறது. முடிவு நோயாளியின் செல்போனுக்கே வருகிறது. அந்த முடிவை ஊரில் உள்ள டாக்டரிடம் போனில் காட்டலாம். 14 இலக்கமும் வேண்டாம், 20 ரூபாயும் வேண்டாம். நோயாளியின் கையில் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தால் எவ்வளவு சுருக்கமாக வேலை முடிகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. மாநில அரசு 2022 மார்ச்சில் முலுகு, ராஜன்ன சிரிசில்லா மாவட்டங்களில் வீடு வீடாக உடல்நல விவரம் சேர்க்கும் சோதனையையும் நடத்தியது. அடுத்து வந்த ஆட்சி 2024 அக்டோபரில் குடும்ப டிஜிட்டல் கார்டு என்று இன்னொரு சோதனை தொடங்கியது. ஆட்சி மாறினால் கார்டு மாறுகிறது. மஞ்சள் பை மட்டும் மாறவில்லை.

இப்போது சம்மதம் என்ற சொல்லுக்கு வருவோம். சம்மதம் கேட்பது செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. வழியாக. நம் குடும்பங்களில் போன் யாரிடம் இருக்கிறது? கணவர் கம்பெனிக்கு எடுத்துப் போய்விடுகிறார். சில கம்பெனிகளில் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மனைவி குழந்தையோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள். ஓ.டி.பி. வாசல் காவலாளியின் மேஜை டிராயருக்குள் ஒலிக்கிறது! இன்னொரு தொல்லை: ஆதாரோடு இணைத்த எண் ஊரிலிருந்தபோது வாங்கிய பழைய சிம், ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துப்போனது. அதை மாற்ற ஆதார் மையத்தில் ஒரு நாள் கூலி போகும். அதற்குமேல், திரையில் வரும் சம்மத வாசகம் ஆங்கிலத்தில். ஆஸ்பத்திரியில் விளக்கம் சொன்னால் தெலுங்கில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் எதற்குச் சம்மதித்தாள்? கவுண்ட்டரில் இருக்கும் பெண்ணே போனை வாங்கி எண்ணைத் தட்டிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். பதிவேட்டில் அது சம்மதம்.

மொழி கேட்பது மிதமிஞ்சிய கோரிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். மாநிலம் விட்டு மாநிலம் போய் வேலை செய்யும் தொழிலாளருக்காகப் பாராளுமன்றம் 1979-இல் ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புத்தகம் கொடுக்க வேண்டும். அது இந்தியிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளரின் மொழி வேறாக இருந்தால் அந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் தெளிவாகச் சொன்னது. இலவச மருத்துவ வசதியும் ஒப்பந்தக்காரரின் கடமை என்றது. எத்தனை பேர் அந்தப் பாஸ்புத்தகத்தைக் கண்ணால் கண்டார்கள் என்பது வேறு கதை. அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டது. ஆனாலும் தொழிலாளரின் பதிவு தொழிலாளரின் மொழியில் இருக்க வேண்டும் என்ற நியாயத்தை, கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் மொழி மாறும் காலத்தில் அதை மறுக்க என்ன காரணம் சொல்வார்கள்?

இந்தக் குறைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தாக்குவது கர்ப்பிணிப் பெண்களை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். முதல் ஆறு மாதப் பரிசோதனை இங்கே, பிரசவம் அங்கே. தமிழ்நாட்டில் 2008 முதல் கர்ப்பிணிகளை எண் கொடுத்துப் பதியும் ஏற்பாடு இருக்கிறது. கிராமச் செவிலியர் பதிந்து கொடுக்கும் அந்த எண் பிறப்புப் பதிவுக்கே கேட்கப்படும் நிலை பிறகு வந்தது. அங்கே 18,000 ரூபாய் மதிப்புள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. இங்கே 2017-இல் தொடங்கிய கே.சி.ஆர். கிட் திட்டத்தில் ஆண் குழந்தைக்கு 12,000, பெண் குழந்தைக்கு 13,000 ரூபாய் என்றார்கள். இரண்டும் தவணை தவணையாக வந்தவை, இரண்டும் ஆரம்ப மாதத்திலிருந்தே பதிந்திருக்க வேண்டும் என்று கேட்டவை. நடுவில் ரயில் ஏறிய பெண்ணுக்கு இங்கே பாதித் தவணை நின்றது, அங்கே 'ஏன் முன்பே பதியவில்லை' என்ற ஏச்சு. ரத்த வகை, ஹீமோகுளோபின், தடுப்பூசி தேதி எல்லாம் இங்குள்ள அட்டையில் தெலுங்கில் இருக்கும். அங்குள்ள செவிலியருக்குப் படிக்கத் தெரியாது. கம்ப்யூட்டர் பதிவின் பயனை அரசு நிரூபித்துக் காட்ட விரும்பினால், ஐதராபாத்தில் பதிந்த கர்ப்பிணி தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள்வியில்லாமல் ஏற்கப்படுவதிலிருந்து தொடங்கட்டும்.

இன்னும் ஆழமான ஒரு சங்கதி உண்டு. சீட்டு மாநில எல்லையைத் தாண்டலாம். சிகிச்சை பெறும் உரிமை தாண்டுகிறதா? 2007-இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் பிறந்த ஆரோக்கியஸ்ரீ, 2023 டிசம்பரில் தெலங்கானாவில் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என உயர்த்தப்பட்டது. அதன் தகுதி நெடுங்காலமாக இந்த மாநில ரேஷன் கார்டை வைத்தே பார்க்கப்பட்டது. நம்மில் பலருக்குக் கார்டு ஊரில். ஊரில் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. நம் வயதான பெற்றோருக்கு அது கைகொடுக்கிறது, இங்கிருக்கும் நமக்கு அல்ல. அங்கே வீடு தேடி வருகிறவர்களுக்கு நாம் வீட்டில் இல்லாதவர்கள். இங்கே கார்டு இல்லாதவர்கள். அரிசிக்கு இந்தச் சிக்கல் ஒருவாறு தீர்ந்தது: 2019 ஆகஸ்டில் ஆந்திரம், தெலங்கானா இரண்டுக்குமிடையே எல்லை தாண்டும் ரேஷன் தொடங்கியது, 2020 அக்டோபரில் தமிழ்நாடும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. அரிசி எல்லை தாண்ட முடியுமானால் அறுவைச் சிகிச்சையும் தாண்ட முடியும். அதற்கு வேண்டியது இரண்டு மாநில அரசுகள் உட்கார்ந்து பேசுவது; அதைப் பேசச் சொல்லி எந்தச் சாப்ட்வேர் கம்பெனியும் கேட்கப்போவதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

ரகசியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். நாட்டின் முதல் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் பேனாவும் காகிதமுமாக வேலை நடந்தது. நாட்டின் முதல் ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதி என்றால் 10 படுக்கை நர்சிங் ஹோமின் கம்ப்யூட்டரை யார் காப்பார்கள்? ஆயினும் திருடனைவிட நமக்கு அருகில் இருப்பவர் சூப்பர்வைசர். ரசாயனப் புகையிலும் உலோகத் தூசியிலும் வேலை செய்கிறவருக்கு இந்தப் பதிவு இருபுறமும் கூர் உள்ள கத்தி. பத்தாண்டு மூச்சுப் பரிசோதனை வரிசையாக இருந்தால், நோய் இந்தத் தொழிலால் வந்தது என்று ஈ.எஸ்.ஐ.யில் நஷ்டஈடு கேட்கலாம். வரும்போதே இருந்த நோய் என்று முதலாளி தட்டிக்கழிக்க முடியாது. அதே பதிவை வேலைக்குச் சேரும் நாளில் 'போனைக் காட்டு பார்ப்போம்' என்று கேட்டு வாங்கிப் பார்த்தால், காசநோய் குணமானவருக்கும் வேலை கிடைக்காது. சம்மதம் என்பது சிகிச்சை செய்யும் டாக்டருக்கு மட்டுமே. வேலை கொடுப்பவர் அதைக் கேட்பதே குற்றம் என்று விதி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2023-இல் செய்யப்பட்ட தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். கேட் வாசலில் நிற்கும் தினக்கூலிக்கு அந்தச் சட்டத்தை யார் படித்துக் காட்டுவார்கள்?

ஊக்கத்தொகையை நிறுத்தச் சொல்லவில்லை, திருப்பிவிடச் சொல்கிறோம். பதிவின் படி ஒன்று நோயாளியின் கையிலோ போனிலோ, அவர் படிக்கும் மொழியில், அவர் வாசலைத் தாண்டும் முன் தரப்பட்டால்தான் அந்தப் பதிவுக்குப் பணம் என்று விதி இருக்கட்டும். வேறு மாநிலத்து டாக்டர் அதைப் பயன்படுத்தினால் கூடுதல் தொகை கொடுக்கட்டும். அப்போது ஆஸ்பத்திரியே முனைந்து தெளிவாக எழுதும். ஒற்றை அறைக் கிளினிக்குக்கும் பஸ்தி தவாகானாவுக்கும் முதல் உரிமை வேண்டும். எண் இல்லை, போன் இல்லை, ஓ.டி.பி. வரவில்லை என்று எவரையும் வரிசையிலிருந்து விலக்கக் கூடாது. எண் வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம் என்பதுதான் அரசே சொன்ன விதி. அந்த வரியைப் பெரிய எழுத்தில் தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொரு கவுண்ட்டரிலும் ஒட்டட்டும். தமிழ் எதற்கு என்று கேட்டால், செர்லபள்ளியிலிருந்து நாச்சாரம் வரை ஒருநாள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அரசு கேட்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர் தம் கேஸ் ஷீட்டின் படியைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி வகுத்தது. உள்நோயாளியின் பதிவை 3 ஆண்டு பத்திரமாக வைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இதற்கு ஆபா எண் தேவையில்லை. எழுத்து மூலம் கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். ஊருக்குப் புறப்படுமுன் எல்லாச் சீட்டையும் போனில் படம் எடுத்து, ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் அளவையும், ஒவ்வாத மருந்து இருந்தால் அதையும், பிள்ளைகளைக் கொண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கம்ப்யூட்டர் பதிவு வந்தாலும் மஞ்சள் பையை எறிந்துவிடாதீர்கள்.

மேலே சொன்ன கோரிக்கைகளைத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மனுவாக எழுதியிருக்கிறோம். மேட்சல் மல்காஜ்கிரி மாவட்டச் சுகாதார அதிகாரிக்கும், டில்லியில் இத்திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையத்துக்கும், ஒரு படி தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் செல்லும். கையெழுத்திட விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறைக்கு வரலாம். ஆபா எண் தம்மிடம் இருக்கிறதா என்று தெரியாதவர்களும் ஆதாரில் பழைய சிம் மாட்டிக்கொண்டிருப்பவர்களும் அன்று போனைக் கொண்டுவந்தால், விவரம் தெரிந்த நம் இளைஞர்கள் பார்த்துச் சொல்வார்கள். எண் வேண்டாம் என்பவர்களுக்கு அதை நீக்கவும் உதவுவார்கள். கர்ப்பிணிகள் ஊர் போகும் தேதியை ஒரு மாதம் முன்பே தெரிவித்தால், இங்குள்ள பரிசோதனை அட்டையைத் தமிழில் எழுதிக் கையில் தருகிறோம்.